‘பூச்சி கடிச்சிருச்சு’: பாம்புக்கடி விழிப்புணர்வு திட்டம் ஒண்ணோட நிகழ்வு ஆய்வு

இது 2023 ஆடி மாசம் தொடங்கி 2024 கடைசி வரைக்கும் போன ஒரு வேலையோட பதிவு. இடம் தமிழ்நாட்டு வட மாவட்டம் ஒண்ணு, ஒரே ஊராட்சிக்குள்ள நாலு குக்கிராமம். ஊர் பேரு, ஆளுங்க பேரு எதுவும் போடல, அடையாளம் தெரியக்கூடாதுன்னு ரெண்டு மூணு இடத்துல சின்ன விவரத்த மாத்தியிருக்கேன். நான் அப்ப ஒரு சின்ன தொண்டு நிறுவனத்துல சுகாதாரக் கல்வி வேலைய ஒருங்கிணைச்சிட்டு இருந்தேன், அதனால கீழ வர்ற தப்புல முக்கால்வாசி என்னோடது.

பின்னணி

பயிர்னா மல்லாட்டை (நிலக்கடலை), கரும்பு, ஏரித் தண்ணி வந்தா நெல்லு. பாதி வீடு தொகுப்பு வீடு, முன்னாடி கூரை இறக்கி அதுல அடுப்பு, விறகு, வரட்டி, ஆட்டுக்குட்டி எல்லாம். வெயில் காலத்துல ஜனங்க வெளிய தரையில பாய் போட்டுத்தான் படுப்பாங்க. ஆரம்ப சுகாதார நிலையம் 6 கிலோமீட்டர், தாலுக்கா ஜி.எச் 19 கிலோமீட்டர், கடைசி பஸ் ராத்திரி எட்டரைக்கு.

2023 ஆனி மாசம் நாப்பது வயசு மதிக்கத்தக்க ஒருத்தர் பொழுது சாயற நேரத்துல வரப்புல புல்லு அறுக்கும்போது கால்ல கடி வாங்கினாரு. கண்ணாடி விரியன். அவரே பாத்திருக்காரு, குக்கர் விசில் மாதிரி சீறுச்சுன்னு சொல்லியிருக்காரு. வீட்ல கைலியக் கிழிச்சு ஒரு கட்டு, அதுக்கு மேல தாம்புக்கயிறு, அதுக்கும் மேல சைக்கிள் ட்யூப், ஆக மூணு கட்டு. அப்புறம் ஊர் விஷக்கடி வைத்தியர்கிட்ட ரெண்டு மணி நேரம், அப்புறம் ஆரம்ப சுகாதார நிலையம், அங்கேந்து ஜி.எச். கிட்னி வேலை செய்யாம போய் டயாலிசிஸ் வரைக்கும் போயி ஆறாவது நாள் இறந்துட்டாரு. ரெண்டு பசங்க, மூத்தவன் பத்தாவது.

ஊராட்சித் தலைவர் எங்களக் கூப்பிட்டு “ஜனங்களுக்கு விழிப்புணர்வு இல்லங்க, ஏதாவது பண்ணுங்க”ன்னாரு. நாங்களும் அப்படியேதான் நெனச்சோம். அவங்களுக்குத் தெரியல, நாம சொல்லிக் கொடுக்கணும். அதுதான் பிரச்சனைன்னு யாரும் சோதிச்சுப் பாக்கல.

முதல்ல போட்ட திட்டம்

ஆபீஸ்ல உக்காந்து ரெண்டே நாள்ல திட்டம் ரெடி. இருபத்தி நாலு ஸ்லைடு, நாலு பாம்பு படம் போட்ட ஃப்ளெக்ஸ் (நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன்), என்ன செய்யணும் என்ன செய்யக்கூடாதுன்னு பன்னெண்டு பாயிண்ட், கீழ சுகாதார நிலையத்து போன் நம்பர். முன்னாடி ஒரு பரீட்சை பின்னாடி ஒரு பரீட்சை, பத்து கேள்வி. ஆகஸ்ட் 15 கிராம சபைல தொடங்கி, அப்புறம் ஒவ்வொரு மகளிர் குழுவுலயும் ஒரு மணி நேரம்.

முதல் ஸ்லைடுல, 2000-த்துலேந்து 2019 வரைக்கும் இந்தியாவுல பாம்புக்கடியால செத்தவங்க கிட்டத்தட்ட 12 லட்சம், வருஷத்துக்கு சராசரி 58,000ன்னு 2020-ல வந்த ஆய்வோட கணக்கப் போட்டிருந்தேன். கிராம சபைல அத வாசிச்சப்ப யாரு முகத்துலயும் ஒரு அசைவு இல்ல. அவங்களுக்கு ஒரு சாவு தெரியும், போன மாசம் நடந்தது, அது போதும், 58,000 எதுக்கு.

அன்னிக்கு இன்னொண்ணும் நடந்துச்சு. ஃப்ளெக்ஸ் முன்னாடி நின்ன ஒரு பெரியவர் சுருட்டை விரியன் படத்தக் காட்டி “இது சுருட்டை இல்லம்மா, பூனைப்பாம்பு, கடிச்சாலும் ஒண்ணும் ஆவாது”ன்னாரு. கூட்டம் சிரிச்சிருச்சு, நானும் சிரிச்சு சமாளிச்சேன். அப்புறம் விசாரிச்சா அவர் சொன்னதுதான் சரி, இன்டர்நெட்ல எடுத்த படம் தப்பு. ரெண்டும் ஒரே சாயல்தான், ஏமாறுறவங்க நிறைய, ஆனா எனக்கு அன்னிக்கே உறைச்சிருக்கணும், பாம்பப் பத்தி நமக்குத் தெரிஞ்சத விட இவங்களுக்கு அதிகம் தெரியுது, அப்ப நாம எதச் சொல்லிக் கொடுக்க வந்திருக்கோம்னு. உறைக்கல. படத்த மட்டும் மாத்தி மறுபடி ப்ரிண்ட் போட்டோம்.

பரீட்சை ரிசல்ட் நல்லா வந்துச்சு. முன்னாடி பத்துக்கு நாலு அஞ்சு எடுத்தவங்க பின்னாடி எட்டு ஒம்பது எடுத்தாங்க. கிராஃப் போட்டு ரிப்போர்ட் அனுப்பினோம், பணம் கொடுத்தவங்களும் சந்தோஷப்பட்டாங்க.

ஐப்பசி ராத்திரி

அக்டோபர் கடைசி, நாலு நாளா மழை. ராத்திரி ஒம்பதே முக்கால் இருக்கும், முப்பது வயசு சொச்சம் இருக்கற ஒரு பொண்ணு அடுப்புக்குக் காஞ்ச விறகு எடுக்க கூரைக்கடியில கைய விட்டிருக்கு. மோதிர விரல்ல கடி. வலியில கத்தினதும் மாமியார் ஓடி வந்து, எங்க ஃப்ளெக்ஸ்ல இருந்த நம்பருக்கே போன் போட்டிருக்காங்க. இது வரைக்கும் நாங்க சொல்லிக் கொடுத்தபடிதான் நடந்திருக்கு.

போன்ல அந்தம்மா சொன்னது, “மருமவளுக்குப் பூச்சி கடிச்சிருச்சு.”

எங்க பக்கத்து ஆளுங்களுக்கு விளக்கவே வேணாம். விளக்கு வெச்சப்புறம் யாரும் பாம்புன்னு வாயத் தொறந்து சொல்ல மாட்டாங்க, பூச்சின்னுதான் சொல்லுவாங்க, பேரச் சொன்னா அது வீடு தேடி வரும்னு ஒரு பயம். ஆனா நைட் டியூட்டில இருந்த நர்ஸம்மா டவுன்ல பொறந்து வளந்தவங்க, வேற மாவட்டம், வந்து மூணு மாசம்தான் ஆச்சு. பூச்சின்னதும் பூரானோ குளவியோன்னு நெனச்சு, மூச்சு வாங்குதா, உடம்பு பூரா தடிப்பு இருக்கான்னு கேட்டுட்டு, இல்லன்னதும் காலைல கூட்டிட்டு வாங்கன்னு சொல்லிட்டாங்க. அவங்க மேல முழுசா பழி போட எனக்கு மனசு வரல. கேட்ட வார்த்தைக்குச் சரியான பதிலத்தான் சொன்னாங்க.

ஆஸ்பத்திரியே காலைல வரச் சொல்லிட்டாங்கன்னு ஆனதும் வீட்ல கொஞ்சம் தைரியம், சரி அது வரைக்கும் வைத்தியர்கிட்ட காட்டுவோம்னு கூட்டிட்டுப் போயிருக்காங்க. ராத்திரி ஒன்றரைக்கு ஈறுலேந்து ரத்தம் வர ஆரம்பிச்சப்புறம்தான் பால் வண்டிய எழுப்பி ஜி.எச்சுக்குப் போனாங்க. பொழைச்சிட்டாங்க, பதினோரு நாள் ஆஸ்பத்திரியில. கையி வீங்கும்போது மோதிரத்த யாரும் கழட்டல, ஜி.எச்ல வெட்டித்தான் எடுத்தாங்க, அந்த விரல்ல பாதி போயிருச்சு.

எங்க பன்னெண்டு பாயிண்ட்ல ஏழாவது பாயிண்ட் “மோதிரம், வளையல், மெட்டி ஆகியவற்றை உடனே அகற்றவும்.” அந்தப் பொண்ணு தன் குழுவுல எழுதின பின்பரீட்சைப் பேப்பர எடுத்துப் பாத்தேன். பத்துக்கு ஒம்பது. மோதிரக் கேள்வி ரைட்டு.

உக்காந்து கேட்டது

இதுக்கப்புறம் குழுக் கூட்டம் எல்லாத்தையும் நிறுத்திட்டோம். ஆபீஸ்ல இதுக்கு எதிர்ப்பு இருந்துச்சு, இன்னும் பதினோரு கூட்டம் பாக்கி, கணக்கு காட்டணும். நான் சொன்னது இவ்வளவுதான், ஒம்பது மார்க் எடுத்தவங்களுக்கே இந்த கதின்னா மீதிக் கூட்டத்துல யாருக்கு என்ன வித்தியாசம் வந்துடப் போகுது.

நவம்பர், டிசம்பர் ரெண்டு மாசம், அஞ்சு வருஷத்துக்குள்ள கடி வாங்கின 14 குடும்பத்தத் தேடிப் போயி உக்காந்தோம். கேள்வித்தாள் கிடையாது. “கடிச்ச நிமிஷத்துலேந்து ஆஸ்பத்திரிப் படி ஏறற வரைக்கும் சொல்லுங்க”, அவ்வளவுதான் கேட்டோம். அவங்க சொல்லச் சொல்ல சார்ட் பேப்பர்ல ஒரு கோடு போட்டு எங்கெங்க எவ்வளவு நேரம் நின்னாங்கன்னு குறிச்சோம். நான் பண்ணதுல உருப்படியான வேலைன்னா இதுதான்.

ஆஸ்பத்திரிக்குப் போகணும்னு தெரியாத குடும்பம் ஒண்ணு கூட இல்ல. ஒரு அம்மா கோவமாவே கேட்டாங்க, “ஆஸ்பத்திரிக்குத்தான் போவணும்னு எங்களுக்குத் தெரியாதாம்மா? எதுல போறது?” ராத்திரில வண்டி வெச்சிருக்கறவர் பம்ப்செட்ல படுத்திருப்பாரு, சாவி அவர் இடுப்புல. எந்த ஆஸ்பத்திரின்னு முடிவு பண்றதுக்குள்ள பங்காளிங்க நாலு பேரு நாலு சொல்லுவாங்க. சுகாதார நிலையத்துக்குப் போனா ஊசி இருக்குமா, டாக்டர் இருப்பாரான்னு தெரியாது. ஜி.எச் போனா அங்கேந்து பெரியாஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்துருவாங்கன்னு பயம், அங்க போனா கூட ரெண்டு ஆளு தங்கணும், சோத்துக்குக் காசு, இங்க ஆடு மாட்ட யாரு பாக்கறது. ஆம்பளைங்க இருக்கற வீடுன்னா பாம்பத் தேடி அடிக்கவே அர மணி நேரம் போயிடும், டாக்டர்கிட்ட காட்டணுமாம். இதுக்கு நடுவுல, இருநூறு அடி தூரத்துல, எந்நேரமும் முழிச்சிருக்கற, காசு கேக்காத, திட்டாத ஒருத்தர் இருக்காரு. வைத்தியர். இந்த இக்கட்டுல நானா இருந்தாலும் முதல்ல அவர் வீட்டுக்குத்தான் போயிருப்பேன்.

அவர்கிட்ட போயி பொழைச்சவங்க நெறய பேரு இருக்காங்கங்கறதும் பொய் இல்ல. சாரைப்பாம்பு, தண்ணிப்பாம்பு கடின்னா விஷமே கிடையாது, விஷப்பாம்பே கூட சில நேரம் விஷத்த எறக்காம வெறுங்கடி கடிச்சிட்டுப் போயிடும். அப்படி வந்த அத்தன பேரும் அவர் கணக்குல பொழைச்சவங்க. இத ஸ்லைடுல ஒரு வரியா போட்டா யாரும் நம்ப மாட்டாங்க, கண் முன்னாடி நடமாடற ஆளு சாட்சி இருக்கும்போது.

மாத்தி எடுத்த முடிவுகள்

2024 பொங்கலுக்கு அப்புறம் திட்டத்த மொதல்லேந்து போட்டோம், இந்த தடவ கிராமத்துலயே, கோயில் மண்டபத்துல.

பாம்பு படத்த மொத்தமா எடுத்துட்டோம். நம்ம ஊர்ல கொடுக்கற விஷமுறிவு மருந்து அந்த நாலு பாம்புக்கும் சேத்து ஒண்ணேதான், அதனால எந்தப் பாம்புன்னு கண்டுபிடிக்கறதும் அடிச்சுக் கொண்டு போறதும் வீட்டுக்காரங்க வேலை இல்ல. படம் போட்டு வெச்சா அடையாளம் கண்டுபிடிக்கறது முக்கியம்னு நாமளே சொல்ற மாதிரி ஆவுது. ஏன் எடுத்தீங்கன்னு நிறைய பேர் கேட்டாங்க, படம் இருந்தா பாக்க நல்லா இருக்கும்ல. அதுதான் பிரச்சனை.

பன்னெண்டு பாயிண்ட அஞ்சாக்கினோம். பூச்சியோ பாம்போ எது கடிச்சாலும் உக்காரு, நடக்காதே ஓடாதே. மோதிரம் மெட்டி வளையல் கழட்டு. இறுக்கிக் கட்டாதே, கீறாதே. கடிச்ச கையக் காலக் குச்சியோ அட்டையோ வெச்சு அசையாம தளர்வா கட்டு. வண்டிக்கு போன் போடு. இதுக்குக் கீழ அந்தந்த குக்கிராமத்து வண்டிக்காரங்க மூணு பேர் நம்பர். இந்த அட்டைய மீட்டர் பெட்டிக்குப் பக்கத்துல ஒட்டணும், ராத்திரில லைட்டுப் போட கை போற இடம் அதுதான்.

அட்டைய அச்சுக்குக் கொடுக்கறதுக்கு முன்னாடி எட்டு பேருக்குக் காட்டினோம். கயிறு படத்து மேல செவப்புல பெருக்கல் குறி போட்டிருந்தோம், கட்டக்கூடாதுங்கறதுக்கு. எழுதப் படிக்கத் தெரியாத ஒரு அம்மா அதப் பாத்துட்டு “கயிறு கட்டிட்டு ஆஸ்பத்திரிக்குப் போவணும், செவப்புல ஆஸ்பத்திரி குறி போட்டிருக்கே”ன்னாங்க. பக்குன்னு ஆயிருச்சு. அச்சடிச்சிருந்தா நாலு கிராமத்துலயும் கட்டு போடச் சொல்லிக் கொடுத்திருப்போம். கயிறு படத்த எடுத்துட்டோம்.

வார்த்தைப் பிரச்சனைக்கு ரெண்டு பக்கமும் வேலை. சுகாதார நிலையத்துலயும் ஜி.எச்லயும் பூச்சி கடின்னு யாரு சொன்னாலும் “ஊர்ற பூச்சியா, பறக்கற பூச்சியா?”ன்னு திருப்பிக் கேக்கணும்னு போன் பக்கத்துல ஒரு சீட்டு ஒட்டினோம். இந்தக் கேள்விய எழுதிக் கொடுத்தது எங்க கிராம சுகாதார செவிலியர்தான். வீட்டுப் பக்கம், பாம்புன்னு சொல்லுங்கன்னு பெரியவங்கள மாத்தப் பாக்கல. ராத்திரில அந்த வார்த்தையச் சொல்ற வேலைய வண்டிக்காரங்ககிட்ட விட்டோம், அவங்கதான் போற வழியில ஜி.எச்சுக்கு போன் பண்ணி “பாம்புக்கடி வருது”ன்னு சொல்லணும். சின்னப் பசங்க, அவங்களுக்கு அந்தப் பயம் இல்ல.

எந்த ஆஸ்பத்திரிங்கறதயும் முன்கூட்டியே முடிவு பண்ணோம். டாக்டர் இருக்கற பகல் நேரம்னா சுகாதார நிலையம், அங்கயே மருந்த ஆரம்பிச்சுட்டு மேல அனுப்புவாங்க. பொழுது சாஞ்சா நேரா ஜி.எச். மெடிக்கல் ஆபீசரே ஒத்துக்கிட்டு எழுதிக் கொடுத்தாரு. ராத்திரில டாக்டர் இல்லாத இடத்துல போயி நின்னா அர மணி நேரம் வீண், அந்த அர மணி நேரம் சார்ட் பேப்பர்ல அஞ்சு குடும்பத்துக்கிட்ட இருந்துச்சு.

வைத்தியர் விஷயம்

இதுலதான் ரொம்ப சண்டை. வைத்தியர சேத்துக்கணும்னு நான் சொன்னேன். மெடிக்கல் ஆபீசர் ஒத்துக்கல, “நாமளே அவருக்கு சர்டிபிகேட் கொடுக்கற மாதிரி ஆயிடும், நாளைக்கு ஒருத்தர் அங்க செத்தா உங்க பேர்தான் வரும்”. அவர் சொன்னதுல நியாயம் இருக்கு, இப்பவும் இருக்கு. ஆனா 14 குடும்பத்துல 11 பேரு அவர் வீட்டு வாசல மிதிச்சிருக்காங்க. அவர ஒதுக்கிட்டு நாம யார்கிட்ட பேசப் போறோம்?

அவருக்கு அறுவது வயசுக்கு மேல. வெத்தல பாக்கும் பதினோரு ரூவாயும்தான் வாங்குவாரு. வாசல்ல உக்காந்து பேசினப்ப நான் எதிர்பாக்காத ஒண்ணு சொன்னாரு, “கட்டுவிரியன் கடி என் கையில நிக்காது பாப்பா. எனக்குத் தெரியும். போங்கன்னு சொன்னாக்கூட, பத்து நிமிஷம் பாருங்க சாமின்னு உக்காந்துடுவாங்க.” ஐயா நீங்களே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகலாமேன்னேன். ஒரு தடவ போயிருக்காரு, டியூட்டி டாக்டர் எல்லாரு முன்னாடியும் திட்டி வெளிய நிக்க வெச்சுட்டாராம், அதோட விட்டுட்டாரு.

அதனால அவர ஜி.எச்சுக்குக் கூட்டிட்டுப் போனோம். அங்க இருந்த டாக்டரம்மா நாற்காலி போட்டு, டீ வாங்கிக் கொடுத்து உக்கார வெச்சாங்க. அன்னிக்குன்னு பாத்து வேற ஊர்லேந்து ஒரு கடி கேஸ் வந்துச்சு. வீட்டுக்காரங்ககிட்ட கேட்டுட்டு அவரப் பக்கத்துல நிக்க வெச்சாங்க. கை நரம்புலேந்து 2 மில்லி ரத்தம் எடுத்து, சுத்தமான காஞ்ச கண்ணாடி டியூப்ல ஊத்தி, ஆட்டாம அசைக்காம ஸ்டாண்டுல வெச்சாங்க. சோப்புப் போட்டுக் கழுவின டியூப்போ பிளாஸ்டிக் டியூப்போ ஆகாது, ரிசல்ட் பொய்யாயிடும். 20 நிமிஷம். வைத்தியர் டியூப்பையே பாத்துட்டு நின்னாரு. நேரம் ஆனதும் நர்ஸம்மா டியூப்ப சாய்ச்சாங்க. ஒறஞ்சு கட்டியாகி இருக்க வேண்டிய ரத்தம், தண்ணி மாதிரி ஓடுச்சு.

கொஞ்ச நேரம் பேசல. அப்புறம் “உள்ளயும் இப்படியேதான் ஓடுதா?”ன்னு கேட்டாரு.

நாங்க இருபத்தி நாலு ஸ்லைடுல செய்ய முடியாதது அந்த டியூப் செஞ்சிருச்சு. திரும்பி வரும்போது பஸ்லயே பேசி முடிச்சோம். அவர் மந்திரிக்கலாம், திருநீறு வைக்கலாம், ஆனா வண்டி வர்ற வரைக்கும்தான், இல்லன்னா வண்டில கூட ஏறிப் போகும்போது. கட்டு, கீறல் கிடையாது. வேப்பிலை கொடுத்து கசக்குதான்னு பாக்கறத விட மாட்டேன்னு ரொம்ப நேரம் நின்னாரு, அதுதான் அவரோட டெஸ்ட். முழுங்க முடியாம போற விஷம்னா அந்த இலையே தொண்டையில மாட்டி மூச்சடைக்கும்னு டாக்டரம்மாதான் போன்ல பேசிப் புரிய வெச்சாங்க. மெடிக்கல் ஆபீசர் கடைசி வரைக்கும் கையெழுத்து போடல. எழுத்துல எதுவும் இல்லாமதான் இது நடந்துச்சு.

ஒத்திகை

மார்ச்ல ஒரு ஞாயித்துக்கிழம ராத்திரி ஒரு குக்கிராமத்துல ஒத்திகை பாத்தோம், கடிச்சிருச்சுன்னு கத்தினதுலேந்து வண்டி மெயின் ரோட்ட தொடற வரைக்கும் எவ்வளவு நேரம். 38 நிமிஷம். முதல் வண்டிக்காரர் போன் எடுக்கல, ரெண்டாவது வண்டில பெட்ரோல் இல்ல, மூணாவது ஆளு வந்தாரு, ஆனா அதே பேர்ல பக்கத்து ஊராட்சியிலயும் ஒரு காலனி இருக்கு, அங்க போயிட்டாரு. இது எதுவும் எங்க பிளான்ல இல்ல. அப்புறம் அட்டைல ஊர் பேருக்குப் பக்கத்துல ‘தண்ணி டேங்க்’, ‘மாரியம்மன் கோயில்’னு அடையாளம் சேத்தோம், பெட்ரோலுக்கு குழு நிதியிலேந்து ஒரு சின்னத் தொகைய ஒதுக்கி வெச்சாங்க. ரெண்டாவது ஒத்திகைல 16 நிமிஷம்.

ஒரு தப்பும் பண்ணோம். முதல் ஒத்திகைய எல்லா வீட்டுக்கும் முன்கூட்டி சொல்லல, நெஜமா எப்படி நடந்துக்கறாங்கன்னு பாக்கணும்னு எனக்கு ஒரு ஆசை. ஆனி மாசம் புருஷன பறிகொடுத்த அந்தம்மா வீடு அதே தெரு. கூச்சல் கேட்டு ஓடி வந்து தெருவுலயே மயங்கி விழுந்துட்டாங்க. மறுநாள் போயி மன்னிப்புக் கேட்டேன். அவங்க ஒண்ணும் சொல்லல, அவங்க மூத்த பையன் என் மூஞ்சியவே பாக்கல.

என்ன நடந்துச்சு

2024 பிப்ரவரிலேந்து டிசம்பர் வரைக்கும் எங்க காதுக்கு வந்த கடி ஒம்பது. ஏழு பேரு ஒரு மணி நேரத்துக்குள்ள ஆஸ்பத்திரியில. யாருக்கும் கட்டு போடல, ஒரே ஒருத்தரத் தவிர, அவர் தனக்குத்தானே துண்டால கட்டிக்கிட்டு வந்தாரு. வைத்தியரே ரெண்டு தடவ வண்டிக்கு போன் போட்டிருக்காரு. ஒரு தடவ முக்கா மணி நேரம் வெச்சிருந்துட்டாரு, கேட்டா இது சாரைன்னு நிச்சயமா தெரியும்னாரு, சாரைதான், ஆனா அந்த நிச்சயம்தான் பயமா இருக்கு. ஒம்பது பேரும் பொழைச்சாங்க. இத எங்க திட்டத்தோட வெற்றின்னு சொல்ற அளவுக்கு எண்ணிக்கை இல்ல, அதுல எத்தன வெறுங்கடின்னும் தெரியாது.

எட்டாவது கேஸ் மட்டும் தனியா எழுதணும். பன்னெண்டு வயசுப் பையன், தரையில படுத்திருந்தான். விடியக்காலம் நாலு மணிக்கு வயித்து வலி, வாந்தி. கடிச்ச தடம் இல்ல, வலிச்சதாவும் அவனுக்கு ஞாபகம் இல்ல. ராத்திரி சாப்ட்ட கறி ஒத்துக்கலன்னு நெனச்சு பக்கத்து டவுன்ல ஒரு கிளினிக்ல காட்டி ஊசி போட்டு வீட்டுக்குக் கூட்டிட்டு வந்துட்டாங்க. ஏழு மணிக்கு கண்ணு சொருகுது, சரி தூங்கட்டும்னு விட்டிருக்காங்க. பிரஷர் மாத்திரை கொடுக்க வந்த மக்களைத் தேடி மருத்துவம் தன்னார்வலர் அக்காதான், பையன் கண்ணத் தொறக்க முயற்சி பண்ணியும் இமை தூக்க முடியலங்கறதப் பாத்துட்டு வண்டிய வரச் சொன்னாங்க. கட்டுவிரியன். அஞ்சு நாள் வென்டிலேட்டர்ல இருந்து பொழைச்சான். கட்டுவிரியன் கடி பெரும்பாலும் ராத்திரி தூக்கத்துல, வலி தெரியாம, தடம் தெரியாம நடக்கறதுன்னு எனக்கு மொதல்லேந்தே தெரியும், பழைய பன்னெண்டு பாயிண்ட்ல கூட ஒரு ஓரத்துல இருந்துச்சு. அஞ்சாக் குறைக்கும்போது நாங்கதான் வெட்டிப் போட்டோம். அட்டைல எல்லாமே ‘கடிச்சா’ன்னுதான் ஆரம்பிக்குது, கடிச்சதே தெரியாதவங்களுக்கு அதுல ஒண்ணும் இல்ல.

இப்ப ஆறாவது வரி இருக்கு: தரையில படுத்து எழுந்தவங்களுக்கு விடியக்காலம் வயித்து வலி, கண்ணு சொருகல், பேச்சுக் குழறல், முழுங்க முடியல, இதுல எது வந்தாலும் வண்டி. கூடவே கொசுவலைய பாய்க்கடியில சொருகிப் படுக்கறதயும் சொல்றோம். கட்டில் வாங்க எல்லாராலயும் முடியாது.

2024 நவம்பர்ல தமிழ்நாடு அரசு பாம்புக்கடிய கட்டாயம் அறிவிக்க வேண்டிய நோய்ப் பட்டியல்ல சேத்துச்சு, அதாவது இனிமே ஆஸ்பத்திரிங்க ஒவ்வொரு கேஸையும் கணக்குக் காட்டணும். எங்க வேலைக்கு இது ரொம்ப உதவி. ஆரம்பத்துல எங்க ஊராட்சிக்கு எத்தன கடின்னு பழைய பதிவேட்டப் பாத்தப்ப ரொம்பக் கம்மியா இருந்துச்சு, பாதி வரியில ‘அடையாளம் தெரியாத கடி’ன்னு எழுதியிருந்தாங்க. வந்தவங்க பூச்சின்னு சொல்லியிருப்பாங்க, அப்படியே ஏறியிருக்கும்.

மறுபடி செஞ்சா என்ன மாத்துவேன்

அந்த 14 வீட்டுக்கு ஆகஸ்டுக்கு முன்னாடியே போயிருப்பேன். ரெண்டு மாசம் ஆகும், பரவால்ல. பரீட்சைய விட்டுட்டு ஒத்திகை நிமிஷத்தத்தான் ரிப்போர்ட்ல போடுவேன், பணம் கொடுக்கறவங்க கிராஃப் கேட்டா அதையே கிராஃபா போட்டுக் கொடுக்கலாம். ஒத்திகைய சொல்லாம செய்ய மாட்டேன். டவுன்ல இருக்கற தனியார் கிளினிக்குங்கள விட்டது பெரிய ஓட்டை, விடியக்காலம் வயித்து வலின்னா ஜனங்க மொதல்ல போறது அங்கதான். வைத்தியர் விஷயத்துல இப்பவும் அதே முடிவத்தான் எடுப்பேன், ஆனா அவருக்கு அப்புறம் யாருங்கறத யோசிச்சிருக்கணும், அவர் மருமவன் இப்பவே கட்டு போட ஆரம்பிச்சிருக்கறதா கேள்வி.

பாக்கி இருக்கறது கரும்பு வெட்ட வர்றவங்க. வெளி மாவட்டத்துலேந்து மார்கழிக்கு மேல வந்து வயல் ஓரத்துல தார்ப்பாய் கட்டி, தரையிலயே படுத்து, ரெண்டு மூணு மாசம் இருந்துட்டுப் போறவங்க. கூட கைக்கொழந்தைங்களும். கிராம சபைலயும் இல்ல, குழுவுலயும் இல்ல, எங்க 14 குடும்பத்துலயும் இல்ல. இந்த வருஷம் வந்தப்ப ஒரு கட்டு அட்டைய எடுத்துட்டுப் போனேன். மேஸ்திரி வாங்கித் திருப்பித் திருப்பிப் பாத்துட்டு, “எங்கங்க ஒட்டறது?”ன்னு கேட்டாரு.